அண்டை நாட்டு வணிகமும் இரு மாதக் கணக்கும்

நாசிக் வெங்காயம் டாக்கா சந்தைக்குச் செல்கிறது; வங்கதேசத்துச் சணல் நூல் இந்திய ஆலைகளுக்கு வருகிறது. எல்லை அருகில்தான், ஆனால், இருவரும் விலை பேசுவது பெரும்பாலும் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் நாணயமான டாலரில்.

இச்சுமையைக் குறைக்கவே ஐக்கிய நாடுகள் அமைப்பின் முயற்சியால் 1974 டிசம்பரில் ஆசியத் தீர்வக ஒன்றியம் தோன்றியது. தலைமையிடம் டெஹ்ரான். இந்தியா, வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மியான்மர், மாலத்தீவு முதலிய நாடுகளின் மத்திய வங்கிகள் இதில் உறுப்பினர்கள்.

இதன் செயல்முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். வங்கதேசம் இந்தியாவுக்கு 100 கோடி டாலரும், இலங்கை வங்கதேசத்துக்கு 40 கோடியும், இந்தியா இலங்கைக்கு 30 கோடியும் தரவேண்டும் எனக் கொள்வோம். தனித்தனியே தீர்த்தால் 170 கோடி கைமாற வேண்டும். வரவையும் பற்றையும் ஒன்றாக நேர்செய்தால், வங்கதேசம் 60 கோடியும் இலங்கை 10 கோடியும் செலுத்தினால் போதும். இந்தியாவுக்குரிய 70 கோடி வந்துசேரும். இவ்வாறு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கப்படுகிறது.

ஆயினும், இடைப்பட்ட இரு மாதங்களும் கடனே. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இலங்கையால் உரிய காலத்தில் நிலுவையைச் செலுத்த இயலவில்லை. இந்தியா கால நீட்டிப்பு அளித்தது. அவ்வாண்டு ஜூலையில், இலங்கை வணிகத்துக்கான தொகையை ஒன்றியத்துக்கு வெளியே, அனுமதிக்கப்பட்ட நாணயங்களில் தீர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழிசெய்தது. அதே மாதம் 11ஆம் நாள், பன்னாட்டு வணிகத்தை ரூபாயில் தீர்க்கும் ஏற்பாட்டையும் அறிவித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2023 ஜூலை 11 அன்று வங்கதேசத்துடன் ரூபாய் வணிகம் தொடங்கியது.

நேபாளம், பூடானுடன் ரூபாய் வணிகம் முன்பே வழக்கத்தில் உள்ளது. வங்கதேசத்தின் நிலை வேறு. அந்நாடு நமக்கு விற்பதைவிட நம்மிடம் வாங்குவது பன்மடங்கு மிகுதி. விற்றுப் பெறும் ரூபாயளவே ரூபாயில் வாங்க இயலும். ஆகவே, நாணய ஏற்பாடு எதுவாயினும், அண்டை நாட்டின் சரக்கை நாமும் வாங்கினால்தான் அது நிலைக்கும்.

ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பணம் எந்த நாணயத்தில், எவ்வழியாக வரும் என்பதைக் கிளையில் கேட்டறிதல் நன்று. கடன் உறுதிக் கடிதமும், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடும் இருந்தால், வாங்குபவர் நாட்டின் நெருக்கடி நம் முதலைக் கரைத்துவிடாது.