கட்டடக்கலை மாணவருக்கு வெப்பக் கணக்கு

கட்டட ஆற்றல் ஒப்புருவாக்கம், வழக்கில் எனர்ஜி சிமுலேஷன், என்பது இன்னும் எழும்பாத ஒரு கட்டடத்திற்குள் ஆண்டு முழுவதும் எவ்வளவு வெப்பம் நுழையும், அதை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதைக் கணினியால் முன்கூட்டியே கணிக்கும் முறையாகும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில், டிஓஇ-2, பிளாஸ்ட் என்ற முந்தைய நிரல்களின் வழிவந்து 2001இல் வெளியான எனர்ஜிபிளஸ், இலவசமாகக் கிடைப்பதால் கல்வியிலும் ஆய்விலும் பரவலாகப் பயன்படுகிறது.

சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றின் பண்புகளையும், விளக்குகளும் மனிதர்களும் வெளியிடும் வெப்பத்தையும், ஆண்டின் 8,760 மணி நேரங்களுக்குமான வெப்பநிலை, ஈரப்பதம், கதிர்வீச்சு, காற்று ஆகியவற்றைக் கொண்ட வானிலைக் கோப்பையும் உள்ளீடாகப் பெறும் நிரல், ஒவ்வொரு கால இடைவெளியிலும் வெப்பத்தின் வரவு, செலவு, சேமிப்பு ஆகியவற்றைச் சமன்செய்கிறது. நண்பகலில் செங்கற்சுவர் வாங்கிய வெப்பம் மாலையில்தான் அறைக்குள் இறங்குவதால், சேமிப்பை விட்டுவிட்டுப் போடும் கணக்கு நிறைவு பெறாது.

கற்பித்தலை ஒற்றைச் சன்னலுள்ள ஓர் அறையிலிருந்து தொடங்குவதும், ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டை மட்டும் மாற்றச் செய்வதும், நிரலை இயக்குமுன் விடையை ஊகித்து எழுதச் சொல்வதும் பயன் தரும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது; எனவே வடக்குச் சன்னலில் வெயிலே படாது என்று எழுதிய மாணவர், முடிவைக் கண்டு சூரியப் பாதையை மீண்டும் வரைந்து பார்க்க நேர்கிறது. மேற்குச் சன்னலிலோ, தாழ்ந்து வரும் மாலை வெயிலைக் கிடைமட்ட வெயில்மறைப்பு மட்டும் தடுக்காது என்பது வெளிப்படுகிறது.

தவறான உள்ளீட்டிற்கும் நிரல் தசமப் புள்ளியுடன் விடை தருவதால், கைக்கணக்கு இன்றியமையாதது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டிற்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யூ மதிப்பு. அது 2 ஆக உள்ள 10 சதுர மீட்டர் சுவரில் 10 பாகை வேறுபாடு நிலைத்திருந்தால் 200 வாட் கடக்கும். நிரலின் விடை இதிலிருந்து விலகினால், அது வெயிலாலா, சேமிப்பாலா, பிழையாலா என்று மாணவர் விளக்க வேண்டும். ஆஷ்ரே 140 என்னும் தரநிலை நிரல்களைச் சோதிக்கிறது. பயன்படுத்துபவரின் உள்ளீடுகளை அது சோதிப்பதில்லை.

குடியிருப்போரின் பழக்கமும் உண்மையான வானிலையும் மாறக்கூடியவை என்பதால், மின்கட்டணத்தை அப்படியே முன்னுரைப்பதைவிட மாற்று வடிவமைப்புகளை ஒப்பிடுவதே இக்கருவியின் வலிமையாகும். இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும், முழுக் கட்டட முறையில், முன்மொழியப்பட்ட வடிவமைப்பை விதிப்படியான வடிவமைப்புடன் ஒப்பிட்டே அளக்கிறது. ஆகவே கட்டடத்தின் திசையையும் சன்னலின் அளவையும் இன்னும் மாற்ற முடிகிற தொடக்க வரைவிலேயே மாணவர் இதைக் கையாளப் பழகுவது நன்று.