நோயுற்ற காலத்தில் காலை நியமங்கள்

வைகறையில் துயில் எழுதல், நீராடுதல், திருநீறோ திருமண்ணோ அணிதல், விளக்கேற்றி இறைவனை வழிபடுதல் ஆகியன நம் முன்னோர் வகுத்தளித்த காலை நியமங்களாகும். கதிரவன் தோன்றுவதற்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிக்கும் பொழுதினைப் பிரம்ம முகூர்த்தம் என்பர். உடல் நலமாக இருக்கும்போது இவற்றைக் கைக்கொள்வது பெரிதன்று. காய்ச்சல் கண்டபோதும், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போதும், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோதும் என்ன செய்வது? சிலர் மருத்துவர் சொல்லையும் மீறிக் குளிர்ந்த நீரில் தலை முழுகி நோயை முற்றச் செய்துகொள்கின்றனர். வேறு சிலரோ, குளிக்காமல் பூசை அறைக்குள் செல்லலாமா என்று அஞ்சி, மாதக்கணக்கில் வழிபாட்டையே கைவிட்டு மனம் சோர்ந்து போகின்றனர். சாத்திரம் இவ்விரண்டையும் கேட்கவில்லை.

நீரில் மூழ்குவது ஒன்றே நீராடல் அன்று. அது வாருணம் எனப்படும். திருநீற்றை உடலில் பூசிக்கொள்வது ஆக்கினேயம். பசுக்களின் குளம்படித் தூளி மேனியில் படுவது வாயவியம். வெயிலோடு பெய்யும் மழையில் நனைவது திவ்யம். மந்திரம் ஓதி நீரைத் தெளித்துக்கொள்வது மாந்திரம். இறைவனை நெஞ்சில் நினைந்திருப்பது மானசம். இவற்றுள் தூளியும் மழையும் நோயாளிக்கு ஆகா என்று சொல்லவும் வேண்டுமோ! புண்ணும் தையலும் உள்ளவர் மண்தூசியை அண்டவே கூடாது. திருநீற்றையும் நெற்றியில் அணியலாமேயன்றி ஆறாத புண்ணின்மேல் இடுதல் தகாது. கழுத்தளவு வெந்நீரில் குளிப்பதும், அதுவும் இயலாதபோது ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதும் நோயுற்றோர்க்கு என்றே அனுமதிக்கப்பட்டவை. மானசத்துக்கோ எந்த நோயும் தடையாவதில்லை.

திருநாவுக்கரசர் வரலாற்றை இங்கு நினைவுகூரலாம். சூலை நோயால் துடித்த அவர், திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை இரவில் வந்தடைந்தார். அம்மையார் நாள்தோறும் வைகறையில் திருக்கோயிலை அலகிட்டு மெழுகும் திருப்பணி உடையவர். தம்பியார் நோயுற்று வந்தார் என்று அன்றைய பணியை அவர் நிறுத்தினாரில்லை; தம்பியாரை இல்லத்தில் விட்டுச் சென்றாருமில்லை. திருநீற்றை அளித்து, திருப்பள்ளியெழுச்சி வேளையில் உடன் அழைத்துச் சென்றார் என்பது பெரிய புராணம் காட்டும் செய்தி. நோய் நீங்கியபின் வழிபடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதே நாம் உற்று நோக்கத்தக்கது.

இனி, நடைமுறையில் கருத வேண்டியவை சில உள. முதியோரும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போரும் விழித்தவுடன் சட்டென்று எழுந்து நிற்றல் கூடாது. படுத்த நிலையினின்று திடீரென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதுண்டு. கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் அமர்ந்து, அங்கேயே இறைவன் திருநாமத்தைச் சொல்லிவிட்டு எழுதல் நன்று. ஈரமான குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர். ஆதலின் நாற்காலியில் அமர்ந்து குளிப்பதை எவரும் குறைவாக எண்ண வேண்டியதில்லை. மாவுக்கட்டினுள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் பஞ்சு நனைந்து தோல் புண்ணாகும். கட்டு அவிழும் வரை அவ்வுறுப்பை நனைக்காதிருத்தல் வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர், பூசை முடியட்டும் என்று உணவைத் தள்ளிப்போடுதல் பேராபத்து. வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றினால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிட்டது என்றறிந்து, உடனே சர்க்கரையோ இனிப்பு நீரோ உட்கொள்ள வேண்டும். விரதத்தைப் பிறிதொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இவர்களுள் பாத உணர்வு குன்றியவர்கள் வெறுங்காலுடன் கோயிலை வலம்வந்தால், சூடேறிய கருங்கல் தளம் சுடுவதுகூடத் தெரியாது. விடியற்காலையிலேயே சென்று திரும்பிப் பாதங்களைப் பார்த்துக்கொள்வது நலம். சிறுநீரக நோயால் நீரின் அளவைக் குறைத்துக்கொண்டோர் தீர்த்தத்தை ஓர் உத்தரணி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். இதய நோய் உடையோர் பிராணாயாமத்தில் மூச்சை அடக்குதல் வேண்டா. இயல்பான மூச்சோடு செபித்தலே போதும்.

படுக்கையை விட்டு எழ இயலாதவர்க்கு, இல்லத்தார் முகம் துடைத்து, நெற்றியில் நீறோ குங்குமமோ இட்டு, விளக்கொளி தெரியுமாறு தலையணையை உயர்த்தி வைக்கலாம். படுக்கைப் புண் வாராமலிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். காலையில் முதன்முறை புரட்டும் அவ்வேளையிலேயே அவர் காதருகே ஒரு பதிகத்தையோ பாசுரத்தையோ ஓதலாம். அதனால் பொழுது விடிந்ததென்பது அவருக்குத் தெரியும்.