கணிப்பொறிக் காவலர்களை எப்போது நம்பலாம்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் கடல் வந்துவிடும். அக்கரையோரம் மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அவற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம் உள்ளது. அதன் அருகிலுள்ள சிற்றூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, அணுக்கரு இயற்பியல் வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு வினா எழுப்பினாள்: "சார், அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்ல யாராவது புகுந்துட்டா, நமக்குச் சொல்வாங்களா?"

'புக முடியுமா?' என்று அவள் கேட்கவில்லை, 'சொல்வார்களா?' என்றே கேட்டாள். முதல் வினா பொறியியலைச் சார்ந்தது. இரண்டாவது, நம்பிக்கையைச் சார்ந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை இங்குக் காண்போம்.

கூடங்குளத்தில் நடந்தது

2019 அக்டோபர் இறுதியில், திருநெல்வேலி மாவட்டக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறிகளில் தீநிரல் புகுந்துள்ளதாகச் செய்தி பரவியது. தீநிரல் என்பது கேடு விளைவிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. அக்டோபர் 29 அன்று நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பரவும் செய்தி தவறானது; நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகள் தனித்து இயங்குபவை, இணையத்துடன் தொடர்பில்லாதவை; எனவே அவற்றின் மீது தாக்குதல் நடத்த இயலாது என்பது அதன் சாரம்.

மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது. தீநிரல் காணப்பட்டது உண்மையே என்றும், 'செர்ட்-இன்' எனப்படும் நடுவண் அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்றே அதைத் தெரிவித்தது என்றும் அது கூறியது. நிருவாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த வலையமைப்பிலிருந்த ஒரு கணிப்பொறியே பாதிக்கப்பட்டது. உலையைச் சார்ந்த உள் வலையமைப்பு அதனின்றும் பிரித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கியது.

புகுந்தது 'டீடிராக்' என்னும் ஒற்று நிரல் என வல்லுநர்கள் கண்டனர். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்தல், கோப்புகளின் பட்டியலைத் திரட்டுதல் போன்றவை அதன் வேலைகள். உலையை நிறுத்துவது அதன் வேலையன்று, வேவு பார்ப்பதே.

இரண்டு வாக்கியங்களின் வேறுபாடு

முதல் அறிக்கை பொய்யா? கூர்ந்து பாருங்கள். 'கட்டுப்பாட்டுக் கணிப்பொறிகள் இணையத்துடன் இணைக்கப்படவில்லை' என்பதை இரண்டாம் அறிக்கை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் கேட்டது, 'நிலையத்தில் ஏதேனும் புகுந்ததா?' என்பதே. ஒரு வினாவுக்கு மற்றொன்றின் விடையைத் தந்தால், விடை சரியாயிருந்தும் கேட்டவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். மறுநாள் வந்த விளக்கம் முதல் நாளே வந்திருக்குமானால் கவலை எழுந்திருக்கும், ஐயம் எழுந்திராது.

'இயலாது' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. இரு வலையமைப்புகளுக்கிடையே கம்பித் தொடர்பே இல்லாமல் விடும் முறை மிகச் சிறந்த காப்பு, ஐயமில்லை. ஆயினும் மனிதர் கையில் எடுத்துச் செல்லும் பொருள் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் தீநிரல், பென் டிரைவ் வழியாகப் பரவவல்லது. ஈரானின் நத்தன்சு நகரில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் எந்திரங்களை அது பழுதாக்கியது. ஆகவே, 'மிகவும் கடினம். இன்னின்ன தடைகள் வைத்துள்ளோம்' என்பதே அறிவியலுக்கு ஒத்த கூற்று.

நூற்றுக்கு நூறு ஏன் இல்லை?

கணிப்பொறிப் பாதுகாப்பை விற்கும் நிறுவனங்கள் சில 'முழுப் பாதுகாப்பு' என விளம்பரம் செய்வதுண்டு. இது ஏன் பொருந்தாது? ஆய்வுக் கூடத்தில் கைகர் எண்ணியைக் கையாண்டவர்கள் எளிதில் உணர்வர். கதிரியக்கப் பொருள் அருகில் இல்லாதபோதும் அது அவ்வப்போது ஒலிக்கும். இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சே காரணம். எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டிய அளவை மிகக் குறைவாக வைத்தால் வீணாக மணி அடிக்கும். மிக உயர்த்தினால் உண்மையான கசிவு தப்பிவிடும்.

காவல் நிரலும் இத்தகையதே. முன்பே அறிந்த தீநிரலை அதன் அடையாளம் கொண்டு பிடிக்கலாம். புதியதை நடத்தையைக் கொண்டே ஐயுற வேண்டும். ஐயம் மிகுந்தால் நல்ல நிரலும் மாட்டும்; குறைந்தால் கள்ளன் நுழைவான். இரு பிழைகளையும் ஒருங்கே பூச்சியமாக்க எவராலும் ஆகாது.

காவலனே தவறினால்?

2024 சூலை 19 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமான 'கிரவுட்ஸ்டிரைக்' அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இது பகைவர் தாக்குதலன்று. காவல் நிரலின் சொந்தப் பிழை.

நிறுவனம் தன் தவற்றை அன்றே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் முழுக் காரணத்தையும் வெளியிட்டது. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரலோ 20 மட்டுமே தந்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்க முயன்றபோது கணிப்பொறி நின்றது. அந்நிறுவன அதிகாரி ஒருவர் செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன் மன்னிப்புக் கோரினார். இழப்பு அதனால் ஈடாகிவிடவில்லை. ஆனால், எங்கே பிழை நேர்ந்தது என்பதைப் பிறர் சரிபார்க்கும் வாய்ப்பு கிட்டியது.

மக்கள் தொடர்பு என்பது

மக்கள் தொடர்பு என்றவுடன் அழகிய சொற்களால் குறையை மறைப்பது எனப் பலர் எண்ணுகின்றனர். பாதுகாப்புத் துறைக்கு அது உதவாது. நல்ல இயற்பியல் அளவீட்டில் விடையுடன் பிழை எல்லையையும் எழுதுகிறோம். எல்லையைச் சொல்வதால் அளவீட்டின் மதிப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. நிறுவன அறிக்கையும் அப்படியே அமைய வேண்டும்.

எனவே, அடுத்த முறை இத்தகைய அறிக்கையைப் படிக்கும்போது இந்நான்கு வினாக்களைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டது எது, பாதிக்கப்படாதது எது? எப்போது தெரிந்தது, எப்போது சொன்னார்கள்? இன்னும் தெரியாதது யாது? கூறியதை வெளியார் யாரேனும் சரிபார்த்தனரா? இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அது அரசுக்குச் சொல்வது. பொதுமக்களுக்குச் சொல்வது வேறு கடமை.

கல்பாக்கத்தையும் நடத்துவது அதே அணுமின் கழகம்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அது பொறியியலின் வெற்றி. அத்தகைய நாளில் 'வீட்டிலேயே இருங்கள்' என்றோ 'ஊரைவிட்டுச் செல்லுங்கள்' என்றோ ஓர் அறிவிப்பு வந்தால், கரையோர மக்கள் அதை உடனே நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை அன்றைக்கு உண்டாக்க முடியாது. சிறிய செய்திகளை உரிய காலத்தில் உள்ளபடி சொல்லிச் சொல்லி, அமைதியான நாட்களிலேயே சேர்த்து வைக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு, 'நிச்சயம் சொல்வார்கள்' என்று நான் விடையளிக்கவில்லை. கூடங்குளத்தின் இரண்டு அறிக்கைகளையும் அவளிடம் தந்து, ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "ரெண்டாவதை முதல்லயே தந்திருக்கலாமே, சார்" என்றாள். பொறுப்பிலுள்ளோர் கேட்க வேண்டிய சொல் அதுவே.