ஒட்டாத தோசைக்கல்லும் கூண்டுக்கிளியும்

திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியாரின் இடக்கையில் நாள்தோறும் ஒரு கிளி அமர்கிறது. மாதுளம்பூவும் இலைகளும் கொண்டு அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யப்படும் கிளி அது. மதுரையில் மீனாட்சியம்மையின் கையிலும் கிளி. அருணகிரிநாதர் கிளியுருவம் கொண்ட வரலாற்றால் திருவண்ணாமலையில் ஒரு கோபுரத்துக்கே கிளிக்கோபுரம் என்று பெயர். இந்த மரபில் வந்த நம்மவர் வீடுகளில் ஒரு பறவைக்கூண்டு தொங்குவதில் வியப்பில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல், மெர்போக் புறா என்று ஏதாவதொன்று பல குடும்பங்களில் பிள்ளையோடு பிள்ளையாக வளர்கிறது.

அதே வீட்டின் அடுப்பில் அந்தப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடிய ஒரு பாத்திரமும் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். ஒட்டாத பூச்சு கொண்ட நான்ஸ்டிக் தவாவையும் வாணலியையும்தான் சொல்கிறேன்.

இப்பூச்சு பிறந்த கதை சுவையானது. 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதனத்துக்கான வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஓர் உருளையைத் திறந்தால் வாயு வரவில்லை. ஆனால் எடை மட்டும் குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத்தூள் இருந்தது. அதுவே பின்னர் டெஃப்லான் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1954-இல் பிரான்ஸ் நாட்டு மார்க் கிரெகுவார் அதை அலுமினியச் சட்டியின்மேல் படியவைக்கும் வழியைக் கண்டார். எண்ணெய் குறைவாகப் போதும், கழுவுவது எளிது. இல்லத்தரசிகள் வரவேற்றதில் தவறில்லை.

சாதாரணச் சமையல் சூட்டில் இப்பூச்சு சாதுவாகவே இருக்கும். உரிந்த துணுக்கு ஒன்று உணவோடு வயிற்றுக்குள் போனாலும் கரையாமல் வெளியேறிவிடும். சிக்கல் சூடு மிஞ்சும்போதுதான். 260 பாகை செல்சியசைத் தாண்டவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அதற்கு மேலே பூச்சு மெல்லச் சிதையத் தொடங்குகிறது. சுமார் 280 பாகையிலேயே சிறு பறவைகளைக் கொல்லும் அளவுக்கு நச்சுவாயுவும் நுண்துகளும் வெளிப்படக்கூடும். இவற்றுக்குக் கண்ணில் படும் புகையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணெய் தீய்ந்தால் இருமல் வந்து நம்மை எச்சரிக்கும், இது எச்சரிக்காது.

குழம்பு கொதிக்கும் சட்டி அவ்வளவு சூட்டை எட்டாது. நீர் இருக்கும்வரை அது 100 பாகையை ஒட்டியே நிற்கும். ஆபத்து வெறும் சட்டியில். இங்கேதான் நம் சமையல் முறையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். 'கல் நன்றாகக் காயட்டும்' என்று சொல்லித் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பிலேற்றிவிட்டு மாவு கரைக்கப் போகும் வழக்கம் நம்முடையது. சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் எண்ணெயின்றி வறுப்பதும் நம்முடையதே. இரும்புக்கல்லுக்கு ஏற்ற பழக்கம் இது. கனம் குறைந்த நான்ஸ்டிக் தவாவோ பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே எல்லையைக் கடந்துவிடும். நடுவில் தொலைபேசி மணி அடித்தால் சொல்லவே வேண்டாம்.

நமக்கு ஆகாதது ஏன் கிளிக்கு மட்டும் ஆகிறது? நமக்கும் ஒன்றுமே ஆகாது என்றில்லை. மிகுதியாகச் சுவாசித்தவர்களுக்குக் குளிர்காய்ச்சல் போல வந்து ஓரிரு நாளில் தணிவதுண்டு. பறவையின் மூச்சமைப்பு வேறு. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்பிப் போகிறது. பறவைக்கோ நுரையீரலோடு பெரும்பாலும் ஒன்பது காற்றுப்பைகள் உண்டு. அவை துருத்திபோல் இயங்கி, காற்றை நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடவிடுகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று இரத்தத்தைத் தொடுகிறது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சவ்வும் மிகமிக மெல்லியது. பறப்பதற்காக இறைவன் அளித்த இந்த ஏற்பாடே நச்சுக்காற்றையும் அதே வேகத்தில் ஏற்றுக்கொள்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுசென்றதும் இதனால்தான். நச்சுவாயு கசிந்தால் மனிதனுக்கு முன் குருவி மயங்கும்.

பாதிக்கப்பட்ட பறவை வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தள்ளாடிக் கம்பத்திலிருந்து விழும். பல வேளைகளில் அதைக்கூட யாரும் பார்ப்பதில்லை, கூண்டின் அடியில் உயிரற்றுக் கிடப்பதைத்தான் பார்க்கிறார்கள். நுரையீரலில் இரத்தமும் நீரும் கோத்திருக்கும். மாற்று மருந்து கிடையாது. உடனே திறந்தவெளிக்குக் கொண்டுபோய், தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்தால் சில பிழைக்கலாம். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வறிக்கையில், இப்பூச்சுள்ள வெப்ப விளக்குகளைப் பொருத்திய மூன்றே நாளில் கோழிக்குஞ்சுகளில் பாதிக்குமேல் மாண்டது பதிவாகியிருக்கிறது. ஆகவே சட்டி மட்டுமன்று. சில இஸ்திரிப்பெட்டி, ரொட்டி சுடும் கருவி, காற்றுப் பொரிப்பான் ஆகியவற்றிலும் இதே பூச்சு உண்டு.

அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கும்போது இப்பேச்சு எழுந்தால் என்னிடம் தவறாமல் கேட்கப்படுவது, "பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அது போதாதா?" என்பதுதான். போதாது. அது பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்பட்ட வேறொரு வேதிப்பொருள். மனித உடல்நலத்தின் பொருட்டு 2019-இல் உலக உடன்படிக்கை ஒன்றின் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது. அது நீங்கியது நல்லதே. ஆனால் பூச்சு அதே பூச்சுதான்; சூடு மிஞ்சினால் அதே வாயுதான்.

கூண்டைச் சமையலறையிலிருந்து தள்ளிவைப்பது நல்லது. அதை முழுப் பாதுகாப்பு என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அடுக்குமாடி வீட்டில் ஓர் அறைக் காற்று மறு அறைக்குச் செல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? பலர் கூண்டைத் தொங்கவிடுவதோ அடுப்படிக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில். அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சிகளிலும் சில, காற்றை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடுபவை. தீபாவளிக்கு முதல்நாள், எல்லா அடுப்பும் ஒருசேர எரிய, சன்னலையும் மூடியிருந்தால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் கூண்டுக்குச் சற்று எட்டவே காட்டுங்கள். அது டெஃப்லான் போல் உடனே கொல்வதன்று. எனினும் எந்தப் புகையும் பறவையின் நெஞ்சுக்கு ஆகாது.

பறவை இருக்கும் வீட்டில் நான்ஸ்டிக் வேண்டாம் என்பதே என் கருத்து. எவர்சில்வர் இருக்கிறது, வார்ப்பிரும்பு இருக்கிறது. இரும்புத் தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் பழக்கினால் அதிலும் தோசை ஒட்டாமல் எழும்பும். அப்படிப் பழக்கும்போது எண்ணெய்ப் புகை கிளம்பும். அந்நேரத்தில் கிளியைக் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.