திருகு சொல்லும் கணக்கு

பௌதிக ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். தலைக்கோலின் ஒரு பிரிவுக்கு 0.01 மில்லிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்வீர்கள். அத்திருகு உண்மையாகவே அவ்வளவு நகர்ந்ததா என்று நான் வகுப்பில் கேட்டால் பலர் விழிப்பதுண்டு. அக்கேள்வியை இன்று துப்பாக்கியின் மேலுள்ள குறிநோக்கியிடம் கேட்போம்.

குறிநோக்கியின் உச்சியில் ஒரு குமிழ் உண்டு. திருப்புந்தோறும் 'டிக்' என்று ஒலிக்கும். பலவற்றில் ஒரு டிக்குக்கு 0.1 மில்லிரேடியன். அஃதாவது 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். ராஜபாளையத்து மாடியிலிருந்து, சுமார் 11 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்ப்பதாகக் கொள்வோம். இடையே தென்னந்தோப்பு மறைக்காதிருக்கட்டும்! அதன் உயரம் ஏறக்குறைய 59 மீட்டர். அடியிலிருந்து கலசத்திற்குக் குறுக்குக் கம்பியை உயர்த்த 54 டிக்குகள் போதும். திருகு நூற்றுக்கு மூன்று குறைவாக நகருமாயின், கம்பி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டர் கீழே நின்றுவிடும்.

குழலுக்குள் வேறொரு சிறு குழல் இருக்கிறது. அதனைத் திருகு மேலிருந்து அழுத்துகிறது. எதிர்ப்புறம் ஒரு வில் தாங்குகிறது. புரிகளின் இடைவெளி சரியாக இராவிட்டால் ஒவ்வொரு டிக்கும் சற்றுக் கூடும் அல்லது குறையும். வில் தளர்ந்தாலோ, திருகு பின்வாங்கியும் சிறு குழல் உடன் வருவதில்லை. நம்மூர் லேத்துப் பட்டறைத் தொழிலாளி, கைப்பிடியை எப்போதும் ஒரே திசையிலிருந்து திருப்பி அளவுக்கு வருவதன் காரணமும் புரிகளுக்கிடையேயுள்ள இத்தகைய தளர்ச்சிதான்.

சோதிக்க ஒரு தோட்டாவும் வேண்டியதில்லை. நாடாவால் துல்லியமாக 100 மீட்டர் அளந்து, அங்கே தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒரு மீட்டர்க் கோடு வரைக. குறிநோக்கியை அசையாதபடி இறுக்கி, கம்பியைக் கோட்டின் ஒரு முனையில் வைத்து, 100 டிக்குகள் திருப்புக. மறுமுனையைத் தொடுகிறதா? 97 சென்டிமீட்டரில் நின்றால் பிழை நூற்றுக்கு மூன்று. தூரத்தைக் காலடியால் அளந்தவர் கருவியைக் குறைகூற உரிமையற்றவர். கம்பி கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் அது சாய்ந்திருக்கிறது என்க. பின்னர் 100 டிக்குகள் திரும்பி வருக. தொடங்கிய இடத்திற்கே கம்பி வரவேண்டும். ஒரே விகிதத்தில் வரும் பிழையைப் பெருக்கலால் திருத்திக்கொள்ளலாம். திரும்பி வாராத திருகுக்குக் கணக்கு உதவாது. என் கருத்தில் இரண்டாவதே பெருங்குறை.

கோணம் அளக்கும் திருகை நம்பி நாட்டையே அளந்தவர் வில்லியம் லாம்டன். அரை டன் எடையும் மூன்றடி விட்டமுள்ள வட்டமும் கொண்ட அவருடைய தியோடலைட்டை, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வட்டம் வளைந்துபோயிற்று. அவர் கூடாரத்தில் ஆறு வாரங்கள் அடைந்துகிடந்து, மர முளைகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு அதனைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்கு இழுத்தார். ஆயினும் சீரானதா என்பதைக் கருவியே சொல்ல இயலாதன்றோ? 1809-இல் திருநெல்வேலிக்கருகே ஓர் அடிக்கோட்டைத் தரையில் எஃகுச் சங்கிலியால் நேராக அளந்தார்கள். கோணங்களைக் கொண்டு கணக்கிட்டு வந்த நீளத்தை அதனோடு ஒத்துப் பார்ப்பதற்காகவே அந்த அளவு.