பிடி அரிசியும் பிரீமியமும்

தினமும் உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது பைபிளோடு சேர்ந்து கோயிலுக்குப் போகும். தமிழ்நாட்டுக் கிராமச் சபைகள் பலவற்றைப் போலக் கொள்ளிடக் கரையோரக் குமராட்சிப் பக்கத்திலும் பிடி அரிசிக் காணிக்கை என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். கோயில் மூலையில் ஒரு தகர டின். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஏலம் விட்டால் சபைக்கு வருமானம். யார் வீட்டிலாவது சாவு விழுந்தாலோ குடிசை எரிந்தாலோ, அதே டின்னிலிருந்து அளந்து கொடுப்பார்கள். மரணப் பண்டு வைத்திருந்த சபை என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு வசூலித்து, பெட்டிக்கும் குழி வெட்டுக் கூலிக்கும் ஆகும்படி பார்த்துக்கொள்ளும்.

இப்படி ஒரு ஏற்பாடு இருந்த ஊரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் என்ன மரியாதை கிடைத்திருக்கும்? 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. வந்தபிறகு சிதம்பரத்து வாத்தியார்களும் ரயில்வேக்காரர்களும் பாலிசி எடுத்தார்கள். கிராமத்துப் பிரசங்க மேடையிலோ அது விசுவாசக் குறைச்சல். விதைக்காத பறவைகளுக்கும் ஆண்டவர் ஆகாரம் தருகிறார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் அன்றிரவே செத்தான் என்று வசனங்களை அடுக்குவார்கள். அந்தப் போதகர்களை எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. நெல்லாகக் கூலி வாங்கியவனிடம் தவணைப் பணம் கேட்ட காலம் அது. ஆரம்ப வருடங்களிலேயே தவணை நின்றுபோனால் கட்டியதும் போச்சு. தகர டின் அப்படி ஏமாற்றாது.

ஆனால் அந்த டின்னால் முடியாத காரியம் ஒன்று இருந்தது. ஒரு வீடு எரிந்தால் மற்ற ஐம்பது வீடும் தாங்கும். கொள்ளிடம் ஏறினால் ஐம்பது வீட்டுக்கும் ஒரே ராத்திரியில் தண்ணீர். மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் முக்கொம்பில் பிரிந்து கீழணை தாண்டி வருவதெல்லாம் இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் பெராம்பட்டு, கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் பக்கம் தீவாகிப் போனதை ஊரே பார்த்தது. படுகையில் போட்ட கத்தரியும் மிளகாயும் பூச்செடியும் தண்ணீருக்குள் நின்றன. கொடுக்க வேண்டியவனே முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது யாரிடம் போய் வசூலிப்பது?

இந்த இடத்தில் பிரசங்கிகள் அதிகம் தொடாத பகுதி ஒன்று வேதத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு சொல்கிறான். அந்தியோகியா சபையார் தங்கள் சக்திக்குத் தக்கபடி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். ஜெபம் பண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. யோசேப்பு பார்வோனிடம் சொன்னதும், செழிப்பான ஏழு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கத்தான். ஆனால் அந்தியோகியாதான் எனக்கு முக்கியம். ஓரிடத்துச் சேதத்தை, அங்கே இல்லாத ஜனங்கள் முன்கூட்டியே பங்கு போட்டுக்கொண்டார்கள். பயிர்க் காப்பீட்டின் உள்ளே இருப்பதும் அதே வேலைதான்.

கணக்குப் போட்டு இதை முதலில் செய்தவர்களில் போதகர்களே உண்டு. 1744இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு ஊழியர்கள், வருடத்துக்கு எத்தனை போதகர் இறப்பார், எத்தனை விதவைகள் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்த்து ஒரு நிதியை நிறுவினார்கள். திருநெல்வேலித் திருச்சபையிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே விதவைகள் நிதி இருந்தது. விசுவாசக் குறைச்சல் என்று அவர்களை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்று தகர டின்னைத் தேட வேண்டும். காணிக்கை கவரில் வருகிறது, ஜிபேயிலும் வருகிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீடு 2016இல் வந்தது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாயைச் சுற்றி. மிச்சப் பிரீமியம் அரசுகளுடையது. நவம்பர் பாதிக்குள் வி.ஏ.ஓ.விடம் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கி, பாஸ்புக், ஆதார் நகலோடு சொசைட்டியிலோ இ-சேவையிலோ பதிய வேண்டும். அடங்கலில் பெயர் ஏறாத குத்தகைக்காரன் அங்கேயே திரும்பி வர வேண்டியதுதான். பட்டா இல்லாத படுகைக்காரனும் அப்படியே. கட்டியவனுக்கும் உடனே கிடைத்துவிடாது. ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்துப் பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் ஊருக்கே மகசூல் குறைந்திருந்தால்தான் இழப்பீடு. தன் வயல் மட்டும் மூழ்கினால் தனியாகக் கேட்கும் வழியில் இருந்து 2018இல் நெல்லை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் நிற்பதே வழக்கமான இந்தப் பூமிக்கு அது பெரிய அடி. 2026 காரீஃப் பருவம் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள்.

காப்பீட்டுக்குப் பிரசங்க மேடையில் இருந்த எதிர்ப்பு இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. புதுப் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் மட்டும் பழைய பிரசங்கம் கேட்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது பாஸ்புக்கில் வரும் ஒரு வரி. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருக்கும். ஜீவன் ஜோதித் திட்டம். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வீட்டுக்காரர் போட்டார், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணக்கில் அந்த வாரம் பணம் இல்லாமல் கழியாமல் போன வீடும் உண்டு. பழைய மரணப் பண்டில் யாரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை, சபை மூப்பர் தானே கதவைத் தட்டுவார்.

அந்தக் கதவு தட்டும் வேலை இன்னும் யாருக்கும் மாற்றிக் கொடுக்கப்படவில்லை. துக்க வீட்டில் ஜெபம் முடிந்ததும், “பாஸ்புக்கைக் கொஞ்சம் கொண்டாங்கம்மா” என்று கேட்கும் போதகர்தான் இன்றைக்குத் தேவை. நவம்பர் முதல் ஞாயிறு அறிவிப்பில் உபவாசக் கூட்டம், வாலிபர் கூடுகை எல்லாம் வாசித்த பிறகு, “அடங்கல் வாங்காதவங்க யாரு, கையத் தூக்குங்க” என்று அவரே கேட்கலாம். குத்தகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போக இரண்டு வாலிபர்களை அனுப்பலாம். இதற்கு ஒரு திங்கட்கிழமை போதும்.