காலைத் தூக்கினால் ஏன் கனக்கிறது?

ராசிபுரம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பிரசவமாகி நான்கு மாதம். படுக்கையில் புரண்டால் புட்டத்துக்குச் சற்று மேலே சுருக்கென்று பிடிக்கிறது, பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. வயிறு கட்டாததுதான் காரணம் என்கிறார் அம்மாயி. எலும்பு விலகிவிட்டது, நீவிவிட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரம்மா. இணையத்தில் விதவிதமான பெல்ட்டுகள். எதை நம்புவது?

அம்மாயி சொன்னதில் பாதி சரி. எலும்பு விலகவில்லை.

இரு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே ஆப்பு வடிவில் செருகி நிற்கிறது திருவெலும்பு. அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டு அசைவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் மேலுடம்பின் பாரம் முழுவதும் அதன் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. நழுவாமல் எப்படி நிற்கிறது? நாமக்கல் லாரியில் லோடு கட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். மூட்டைகள் ஒன்றோடொன்று பதிந்து உட்காருவது முதல் பிடிப்பு. கயிறு போட்டு இறுக்கும்போது உராய்வு கூடுகிறதே, அது இரண்டாவது. மூட்டிலும் அப்படியே. எலும்புப் பரப்பின் மேடுபள்ளங்கள் பதிந்திருக்கின்றன. நார்களும் தசைகளும் இருபுறமிருந்தும் அழுத்துகின்றன. குறுக்குக் கயிறுகூட உண்டு: வலது புட்டத் தசையும் இடது முதுகின் அகன்ற தசையும் இடுப்புக்குப் பின்னால் ஒரு தடித்த சவ்வில் சேர்ந்து, மூட்டின் குறுக்கே சாய்வாக இழுக்கின்றன. மறுபக்கத்து ஜோடியும் இழுக்க, பெருக்கல் குறியாகிறது. அடிவயிற்றின் ஆழ்தசை சுற்றுக் கயிறு. இடுப்புத்தளத் தசைகள் லாரி பாடியின் அடிப்பலகை. ஒற்றைக் காலில் நிற்பதும் குழந்தையை ஒரு பக்க இடுப்பில் இடுக்குவதும் லாரி பள்ளத்தில் இறங்குவதற்குச் சமம். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தளர்ந்தது கயிறு. மூட்டைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இந்தத் தளர்வைக் கண்டறிய நெதர்லாந்து மருத்துவர் ஜான் மென்ஸ் குழுவினர் பரிசோதித்து நிலைநிறுத்திய முறையில் எனக்குத் தீராத வியப்பு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். கல்லைக் கட்டியதுபோல் கனக்கிறதா? இப்போது இன்னொருவர் இடுப்பெலும்புகளை இருபக்கமும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்தட்டும். மறுபடி தூக்கினால் அதே கால் லேசாகிவிடுகிறது! காலின் பலத்தில் குறையில்லை. அது ஊன்றித் தூக்குவதற்கான அடித்தளம்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் வேண்டாம், பணம் வேண்டாம், இரண்டு கைகள் போதும்.

வரலாறு சுருக்கமாக: 1926இல் ஃபிரெடரிக் ஹிசா கினி எலிகளில், இடுப்பு நார்களைத் தளர்த்தும் ரிலாக்சின் ஹார்மோனின் விளைவைக் கண்டார். வலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதன் அளவுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மேலே சொன்ன இரட்டைப் பிடிப்பு விளக்கம் 1990இல் ஸ்னைடர்ஸ், ஃப்ளீமிங் முதலியோர் ராட்டர்டாமில் கொடுத்தது.

பெல்ட் உதவும், தற்காலிகமாக. ஃப்ளீமிங் குழுவின் சோதனையில், ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையே போதுமாக இருந்தது. இரட்டிப்பாக்கியும் கூடுதல் பலனில்லை. கட்டும் இடம்தான் முக்கியம்: இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே. பழைய சேலையை வயிற்றில் மூச்சுமுட்டச் சுற்றினால் மூட்டில் அழுத்தம் விழாது. நீவுவது சற்று இதம் தரலாம். ஆனால் மூட்டைத் தட்டிச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே முறையில் துல்லியமாக அளந்த 1998 ஸ்வீடன் ஆய்வில் எலும்பின் நிலை மாறவே இல்லை.

கயிற்றை மீண்டும் முறுக்கேற்றுவது பயிற்சிதான். நார்வேயில் பிரிட் ஸ்டுகே 81 தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், ஆழ்தசைகளில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி 20 வாரம் பயிற்சி தரப்பட்டது. வலி கணிசமாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுக்குப் பின்னும் பலன் நீடித்தது. ஆனால் மென்ஸ் வீடியோ கேசட் கொடுத்து வீட்டில் செய்யச் சொன்ன குறுக்குத்தசைப் பயிற்சி பலன் தரவில்லை; சிலர் வலி தாங்காமல் நிறுத்தினார்கள். யூடியூப் பார்த்து வயிற்றுப் பயிற்சியில் இறங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். நேரில் பார்த்துத் திருத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் தேவை. அதுவரை முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புரளுங்கள்; உட்கார்ந்து உடை மாற்றுங்கள். காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பிரசவித்த பெண்களையும் அது தேடிப் போக வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையுடன் தாயும்தானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள்? அங்கேயே அவளைப் படுக்கச் சொல்லி, ஒரு காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.